பிரேக் அக்காவின் வலது கால்

காலையில் கண் விழித்ததும் அவள் செய்கிற முதல் வேலை, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தன் வலது காலிடம் அனுமதி கேட்பதுதான். கால் லேசில் சம்மதிக்காது. குதிகாலைத் தரையில் வைத்ததும், ஆணியைச் சுத்தியலால் அடித்து ஏற்றியதுபோல் வலி கெண்டைக்கால்வரை பாயும். நடுவிரலும் அதற்கடுத்த விரலும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஊதி, மற்ற விரல்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்த பிறகுதான் அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்கும்.

அதற்குப் பிறகு மூன்று மாடி இறங்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவள் கணவனோ லிஃப்ட் மெக்கானிக்.

"ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறீங்க, கட்டின பொண்டாட்டி மூணு மாடி நடந்து ஏறுறா" என்று அவள் எப்போதாவது சொல்வாள்.

"இங்கயும் லிஃப்ட் இருந்து, நீ நடுவுல மாட்டிக்கிட்டா நான்தானே வந்து தெறக்கணும்? வீட்லயும் ஓவர்டைமா?" என்பான் அவன். சொல்லிவிட்டு அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் வேகத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்குவான். நல்லவன். அதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பின்னாலேயே ஒரு காலை இழுத்து இழுத்து வருவாள். கேட்டால், "அம்மா நடை விளையாட்டு" என்பாள். "வாயை மூடிட்டு ஒழுங்கா இறங்கு" என்று அதட்டுவானே தவிர, அவனுக்கும் சிரிப்பு வரும். அவளுக்கும் வரும். ஒரு காலத்தில் வந்தது.

அவள் வேலை டிரைவிங் ஸ்கூலில். வண்டி கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்து இருக்கையில் அவள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பயத்தில் எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல் எதையோ மிதிக்கும்போது, உயிரைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவது பிரேக்தான். பதினோரு வருடமாக அவள் வலது கால் அதன்மேல் காவல் இருந்தது. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவளிடம் கற்றுக்கொண்ட பெண்கள் வைத்த பெயர் 'பிரேக் அக்கா.' தங்கைகளையும் நாத்தனார்களையும் அனுப்பும்போது, "பிரேக் அக்காகிட்டயே சேரு, வேற யார்கிட்டயும் உக்காராத" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். முதலாளி போர்டில் தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாலும், கூட்டம் யாரைத் தேடி வருகிறது என்பது அவருக்கும் தெரியும். அந்த இருக்கை அவளுடையது. வீட்டில் அவள் ஒருவனின் மனைவி, ஒருத்தியின் அம்மா, இன்னொருத்தியின் மருமகள். அந்த இருக்கையில் மட்டும்தான் அவள் சொன்னால் ஒரு வண்டியே நிற்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்குச் சொரியாசிஸ் இருந்தது. பத்தொன்பது வயதில் முழங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து, மேலே வெள்ளிப் பொடி பூசியதுபோல் செதில் செதிலாக ஆரம்பித்தது. பிறகு தலையில், காதுக்குப் பின்னால், இடுப்பில். வரும், அடங்கும், மறுபடி வரும். யாருக்கும் ஒட்டாது. ஆனால் ஒட்டாது என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்த முடியுமா?

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "இப்ப ஒண்ணும் வாயைத் தெறக்காத. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்." கல்யாணம் முடிந்தது. "ஒரு குழந்தை பொறக்கட்டும், அப்புறம் உன்னை யாரு என்ன சொல்ல முடியும்?" குழந்தையும் பிறந்தது. "இத்தனை நாள் சொல்லாததை இப்பப் போய் எதுக்குடி கிளறணும்?" இப்படியே ஆறப்போட்டு ஆறப்போட்டு ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஒன்பது வருடமும் அவள் கண்கொத்திப் பாம்பாகத் தன் உடம்பைக் காவல் காத்தாள். களிம்பை முகப்பூச்சு டப்பாவில் மாற்றி வைத்தாள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. "யூனிஃபார்ம்" என்றாள். நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் குழி குழியாக விழுந்தபோது, பாலிஷ் போடப் பழகிக்கொண்டாள். படுக்கையறையில் விளக்கை அணைத்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவாள். "இன்னும் என்ன வெட்கம்?" என்று அவன் கேட்பான். அதை அவள் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்வாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "இன்னைக்குச் சீக்கிரமே கிளாஸ்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்து வருவாள். அது அவளும் அம்மாவும் மட்டும் அறிந்த டாக்டர்.

கால் வலி வந்தபோது, அது மறைக்க வேண்டிய வலி இல்லை என்பதால், கணவனோடு வேறு டாக்டரிடம் போனாள். எலும்பு டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்பு. விரலை அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார், காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"தோல்ல எங்கயாவது படை, செதில், அரிப்பு மாதிரி ஏதாவது உண்டா? உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ?"

கணவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். முழங்கையிலிருந்து முழங்கை ஒரு சாண் தூரம்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். ரொம்பச் சுத்தமா இருப்பா" என்றான் அவன்.

யூரிக் ஆசிட் கொஞ்சம் எல்லையில் நின்றது. டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை, தண்ணீர் நிறைய, கறி வேண்டாம், பருப்பு குறைவாக. கணவன் அந்தச் சீட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு, அவள் தட்டைக் கண்காணிக்க ஆரம்பித்தான். மாமியார் வீட்டில் விருந்தென்றாலும், "அவளுக்குப் போடாதீங்கம்மா, கால் வீங்கிரும்" என்று எட்டிக் கையை நீட்டித் தடுப்பான். "எம்புள்ளை பொண்டாட்டியை எப்படித் தாங்குறான் பாரு" என்று மாமியார் பாதி பெருமையும் பாதி எரிச்சலுமாகச் சொல்வாள். இரண்டு வருடம் அவள் பட்டினி கிடந்தாள். விரல் தன்பாட்டுக்கு வீங்கியது. எலும்பு டாக்டர் அதே கேள்வியை இன்னும் இரண்டு தடவை கேட்டார். அவளும் அதே பதிலை இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

தோல் டாக்டரிடம் அவள் காலைப் பற்றிப் பேசியதே இல்லை. தோல் டாக்டரிடம் போய்க் கால் வலியைச் சொல்வார்களா யாராவது? தவிர, ஒன்றில் வாய் திறந்தால் இன்னொன்றில் போய் முடியுமோ என்று பயம். ஆக, அவள் முழங்கையை அறிந்தவருக்கு அவள் விரல் தெரியாது. விரலை அறிந்தவருக்கு முழங்கை தெரியாது. இரண்டையும் சேர்த்து அறிந்த ஒரே ஆள் அவள். அவள்தான் டாக்டர் இல்லையே.

போன மாதம் அது நடந்தது.

ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர் வண்டி கற்றுக்கொள்ள வந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பிள்ளைகளை அடக்கியவருக்கு ஒரு கிளட்ச் அடங்க மாட்டேன் என்றது. அன்று கடைத்தெரு முனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், பிரேக். மெதுவா பிரேக்."

"பிரேக்தாம்மா மிதிக்கிறேன்!" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அத்தனை பலத்தையும் சேர்த்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

அவள் கால் தன் பிரேக்குக்குப் போனது. போனது என்பது உண்மை. ஆனால் மிதிப்பதற்கு முன், கண் இமைக்கும் நேரம், அது தயங்கியது. மிதித்தால் என்ன வலிக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு தயக்கத்தில் வண்டி ஸ்கூட்டரை இடித்துச் சாய்த்தது. ஸ்கூட்டர்க்காரர் அப்போதுதான் இறங்கிக் கடைப்படியில் கால் வைத்திருந்தார். ஒரு நொடி முன்னால் என்றால், அவர் அதன்மேல் இருந்திருப்பார்.

"தப்பு என்னோடதுதான்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் தெருவில் நின்று எல்லோரிடமும் சொன்னார். முதலாளியிடமும் வந்து சொன்னார். முதலாளி அவரை மரியாதையாக அனுப்பிவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தப்பு பண்றதுக்குத்தான் அவங்க காசு கட்டி வர்றாங்க. தப்பைத் தடுக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். நீ நொண்டிக்கிட்டு வர்றதை ஆறு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அன்னைக்கு மட்டும் கொஞ்சம் வலி அதிகம் சார்."

"ரெண்டு வாரம் தர்றேன். கால் சரியா இருக்குன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதே சீட் உனக்கு. இல்லேன்னா கவுண்டர்ல உக்காந்து ஃபார்ம் எழுது. பிரேக் பிடிக்காத பிரேக் அக்காவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

தான் சொன்னது நல்ல ஜோக் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கொஞ்சம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே தோல் டாக்டரிடம் போகிற முறையும் வந்தது. ஷூவில் கால் நுழையவில்லை. பதினைந்து நிமிடம் போராடிவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தோல் டாக்டர் அவள் பாதத்தைப் பார்த்தார்.

முழங்கையைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

"இந்த விரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷமா சார். அது வேற பிரச்சினை. யூரிக் ஆசிட்."

"யார் சொன்னது?"

சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலை முட்டி முட்டியாக அழுத்திப் பார்த்தார். குதிகாலின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள்.

"காலைல எழுந்தா மரத்துப்போன மாதிரி இறுக்கமா இருக்கா? நடக்க நடக்கக் கொஞ்சம் விடுதா?"

"ஆமா சார்."

"அந்த டாக்டர் தோலைப் பத்திக் கேக்கவே இல்லையா?"

அவள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். அவர் இருபத்தைந்து வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி மௌனங்களைப் பார்த்தவர். பேனாவை மூடி வைத்தார்.

"இது தனி வியாதி இல்லம்மா. தோலுக்கு வந்தது மூட்டுக்கும் வந்திருக்கு. சொரியாசிஸ் இருக்கற சில பேருக்கு இப்படி வரும். விரல், குதிகால், இங்கெல்லாம்தான் பிடிக்கும். ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா அடக்கியிருக்கலாம்."

கீழ்மாடியிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். மற்ற விரல்களில் எலும்பும் எலும்பும் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. நடுவிரலில் மட்டும் ஒரு எலும்பின் முனை, சீவின பென்சில்போலத் தேய்ந்து கூர்ந்து, அடுத்த எலும்பைக் குடைந்துகொண்டு நின்றது.

"இது திரும்ப வளராதா சார்?"

"வளராதும்மா."

மூட்டு வாத டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதித் தந்தார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடிதத்தை நாலு தடவை பிரித்துப் படித்தாள். அவள் பெயருக்குக் கீழே இரண்டு வியாதியும் ஒரே வரியில் இருந்தன. இனி ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்க வழியில்லை.

மாலையில் மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அவன் வாஷ்பேசினில் நின்று விரல் இடுக்கில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில் நின்று, பஸ்ஸில் கோத்து வைத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தனக்கு ஒரு தோல் வியாதி உண்டென்று ஆரம்பித்து, அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல், எல்லாப் பழியையும் தன்மேலேயே போட்டுக்கொண்டு சொன்னாள்.

அவன் குழாயை மூடினான். துண்டை எடுத்துக் கை துடைத்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"முழங்கை. தலை. காதுக்குப் பின்னாடி. தெரியும்மா, எல்லாம் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆகி ஒரு பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். தலையணைல வெள்ளை வெள்ளையா உதிர்ந்து கெடக்கும். நீ குளிக்கப் போன உடனே உதறி வெச்சுருவேன். நீ வந்து பாத்து வருத்தப்படக் கூடாதுன்னு."

அவள் நினைத்துப் பார்த்தாள். ஒன்பது வருடம், தினமும் குளித்து முடித்ததும் ஓட்டமாக வந்து தலையணையைப் பார்ப்பாள். சுத்தமாக இருக்கும். களிம்பு வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவாள். தோல் டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், "இப்பல்லாம் அவ்வளவா உதிர்றதில்ல சார்" என்று.

"நீ மறைக்கணும்னு நெனச்ச" என்றான் அவன். குரலில் ஒரு தியாகியின் சாந்தம் இருந்தது. "சரி, அவளா சொல்றப்பச் சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? சொல்லு."

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"டாக்டர் கேட்டாரே" என்றாள். "மூணு தடவை கேட்டாரே. பக்கத்துல உக்காந்து, ரொம்பச் சுத்தமா இருப்பான்னு சொன்னீங்களே."

"நீ இல்லன்னு சொல்லிட்ட. அந்தாளு முன்னாடி பொண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா? தோலுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்? நான் லிஃப்ட் பாக்கறவன்."

"வீட்டுக்கு வந்தாவது கேட்டிருக்கலாமே."

"நீயும் வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாமே."

நியாயம்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் பிடுங்கிப்போட முடியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் அடித்திருந்தால், திட்டியிருந்தால், அன்றைக்கே பெட்டியைக் கட்டி அனுப்பியிருந்தால்கூட, யாரிடமாவது எதையாவது சொல்லியிருப்பாள். கால் பிழைத்திருக்கும். அவளைச் சங்கடப்படுத்தாமல் இருக்க அவன் பாடுபட்டான். அவனை இழக்காமல் இருக்க அவள் பாடுபட்டாள். நடுவில் ஒரு எலும்பு தேய்ந்தது.

"இதுக்குப் போய் ஏன் அழற?" என்று அவன் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருச்சில்ல, இனிமே உனக்கு நிம்மதிதானே."

முதலாளி கொடுத்த கெடுவில் இரண்டு நாள் பாக்கி இருந்தபோது மூட்டு வாத டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தது. கணவன் லீவு போட்டுவிட்டு வந்தான். அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவனும் எழுந்தான்.

"நீங்க வெளியவே இருங்க" என்றாள்.

"ஏன்? எப்பவும் நான் வருவேனே."

"அதனாலதான்."

உள்ளே ஒரு பெண் டாக்டர். கேள்வி கேட்பதற்கு முன்பே அவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்து காட்டினாள். முந்தின நாள் நகப் பாலிஷையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தாள். பத்தொன்பதாவது வயதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஒன்பது வருடமாகச் சொல்ல முடியாதது வெறும் இருபது நிமிடக் கதைதான் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். வாரம் ஒரு மாத்திரை, அது போதாவிட்டால் ஊசி. வீக்கம் குறையும், மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார்.

"கால் சரியா இருக்குன்னு ஒரு லெட்டர் வேணும் டாக்டர்" என்று அவள் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். "எழுதித் தர மாட்டேம்மா. நாளைக்கு உங்க கால் ஒரு செகண்ட் லேட்டா போச்சுன்னா, அடிபடுறவங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. கடைப்படியில் கால் வைத்த ஸ்கூட்டர்க்காரரின் முதுகு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வெளியே வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் இடம் பிடித்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

சொன்னாள். வண்டியில் கியர் மாற்றச் சொல்லித் தருகிற அதே குரலில், இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பதினோரு வருடம் பழகின குரலில் சொன்னாள். "சொரியாசிஸ்தான் மூட்டுக்கு எறங்கியிருக்காம். போன எலும்பு போனதுதானாம். லெட்டர் தர மாட்டாங்களாம். பிரேக் சீட் போச்சு. நாளையிலேர்ந்து கவுண்டர்தான்."

"கொஞ்சம் மெதுவா பேசேன்" என்றான் அவன்.

"ஏன்?"

"எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிர் வரிசையில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, குழந்தைக்குச் செய்வதுபோல் அத்தனை பக்குவமாக, மடித்திருந்த அவள் சட்டைக் கையை முழங்கை மறையும்படி இழுத்து இறக்கி, மணிக்கட்டில் பட்டனைப் போட்டுவிட்டான். அன்பாகத்தான் செய்தான். அவன் கைக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது. இந்த ஒன்பது வருடமும் தலையணையை உதறினது யாருக்காக என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாதி அவளுக்காக. மீதிப் பாதி அவனுக்காக.

அவள் மருந்துச் சீட்டை அவனிடம் நீட்டினாள்.

"கீழ போய் மருந்து வாங்கிட்டு வாங்க. படி எறங்க என்னால ஆகாது."

"இங்க லிஃப்ட் இருக்கும்மா, சேர்ந்தே போயிரலாம்."

"நீங்க போங்க. நான் இப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

அவன் எழுந்து போனான். அவள் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி அவன் காலி செய்த நாற்காலியில் வைத்தாள். பட்டனைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் முழங்கையைப் பார்த்துவிட்டுத் தன் புடவையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"ஒட்டாதுங்க" என்றாள் அவள், சட்டையை மேலே மடித்துக்கொண்டே. "நல்லா பாருங்க. ஒட்டாது."